ஐம்பது வயதானால் துப்பாக்கியும் பழம்பொருள்!

1963 பிப்ரவரி 'அமெரிக்கன் ரைஃபிள்மேன்' இதழில் ஒரு விளம்பரம். சிகாகோவிலிருந்த கிளைன்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் கடை கொடுத்தது. இத்தாலிய ராணுவம் கழித்துக்கட்டிய ரைஃபிள், மேலே தொலைநோக்கி பொருத்தியது, விலை 19 டாலர் 95 சென்ட். கூப்பனை வெட்டி, பெயரும் முகவரியும் எழுதி, மணியார்டரையும் சேர்த்து உறையில் போட்டால் சரக்கு தபாலில் வந்துவிடும். வாங்குகிறவர் யார், என்ன வயது, சிறைக்குப் போனவரா என்று கேட்கக் கடைக்காரருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

மார்ச் மாதம் ஒரு கூப்பன் வந்தது. வாங்குபவர் பெயர் ஏ. ஹிடெல். முகவரி, டாலஸ் நகரத் தபால் பெட்டி ஒன்று. தபால் செலவோடு 21 டாலர் 45 சென்ட். சி2766 என்ற எண் பொறித்த கார்கானோ ரைஃபிள் அந்தப் பெட்டி முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஹிடெல் என்று யாரும் கிடையாது. பெட்டியை வாடகைக்கு எடுத்திருந்தவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அந்த வருடம் நவம்பர் 22 அன்று டாலஸில் ஜனாதிபதி கென்னடிக்கு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

தபாலில் துப்பாக்கி விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கனெக்டிகட் செனட்டர் தாமஸ் டாட் அந்த ஆகஸ்டிலேயே, அதாவது கென்னடி கொலைக்கு மூன்று மாதம் முன்பே, மசோதா கொண்டுவந்திருந்தார். அதில் பொதுநலம் மட்டும்தான் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. கோல்ட், வின்செஸ்டர் போன்ற பெரிய துப்பாக்கி ஆலைகள் அவருடைய மாநிலத்தில்தான் இருந்தன. ஐரோப்பிய ராணுவங்கள் மூட்டை கட்டி அனுப்பிய மலிவுச் சரக்கு அந்த ஆலைகளின் வியாபாரத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஜனாதிபதியே சுடப்பட்ட பிறகும் மசோதா ஐந்து வருடம் இழுபட்டது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி என்று இரண்டு கொலைகள் விழுந்த பிறகுதான் அசைந்தது. அக்டோபர் 22 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநில எல்லை தாண்டித் தனி ஆளுக்குத் துப்பாக்கி அனுப்பும் வியாபாரம் அந்தச் சட்டத்தோடு முடிந்தது. வேறு மாநிலத்துச் சரக்கு வேண்டுமென்றால் அது உள்ளூர் உரிமம் பெற்ற டீலர் கடைக்கு வரவேண்டும். வாங்குபவர் அங்கே நேரில் போய், படிவம் நிரப்பி, எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப் பூட்டிய கதவில் ஒரு சின்ன திட்டிவாசலை மட்டும் சட்டம் விட்டுவைத்தது. சேகரிப்பாளர் உரிமம் என்று அதற்குப் பெயர். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் வாயில் அது 'சி அண்ட் ஆர்', அதாவது 'கியூரியோ அண்ட் ரெலிக்'. கட்டணம் மூன்று வருடத்துக்கு 30 டாலர்.

அது கையில் இருந்தால் அதே கார்கானோ ரைஃபிளை, அதே மாடலை, ஒருவர் இன்றைக்கு வேறு மாநிலத்து விற்பனையாளரிடம் வாங்கி, பார்சலில் நேராக வீட்டு வாசலுக்கே வரவழைக்கலாம். எல்லாம் சட்டப்படி. ஆஸ்வால்டின் ரைஃபிள் 1940இல் டெர்னி ஆலையில் செய்தது. அது விற்கப்பட்டபோது அதற்கு 23 வயது. 1990இல் அந்த ஆண்டுச் சரக்குக்கெல்லாம் ஐம்பது வயது நிறைந்தது. ஐம்பது நிறைந்த துப்பாக்கியைச் சட்டம் வேறு கண்ணால் பார்க்கிறது.

1898 என்ற சுவர்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பழைய துப்பாக்கிகளுக்கு இரண்டு கோடுகள் உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அங்கேயே நிறையப் பேர்.

முதல் கோடு 1898. அந்த ஆண்டிலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி 'ஆண்டிக்'. கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே இல்லை! உரிமம் வேண்டாம், படிவம் வேண்டாம், பின்னணி விசாரணை வேண்டாம். தபாலில் வாங்கலாம், விற்கலாம். 1899 ஜனவரியில் செய்தது என்றால் அத்தனையும் வேண்டும். இரண்டும் ஒரே ஆலையில், ஒரே எந்திரத்தில், ஒரே தோட்டாவுக்காகச் செய்தவையாக இருக்கலாம். அதைச் சட்டம் கேட்பதில்லை.

இதனால் வரும் வேடிக்கைகளுக்கு அளவில்லை. பில்லி தி கிட் என்ற பேர்பெற்ற கொள்ளைக்காரனை 1881 ஜூலையில் ஷெரீஃப் பாட் காரெட் சுட்டுக் கொன்ற கோல்ட் ரிவால்வர், 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஒரு துப்பாக்கிக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. ஓர் ஆளைக் கொன்றது என்று ஊரறிந்த அந்த ஆயுதம், ஆண்டிக் என்பதால், கூட்டாட்சிச் சட்டப்படி ஒரு நாற்காலியைப் போல விற்கத்தக்கது. சில நூறு டாலர் பெறும் 1943ஆம் வருடத்து ருஷ்ய ரைஃபிளுக்கோ லைசென்ஸ் எண்ணும் கணக்குப் புத்தகமும் வேண்டும்.

இன்னொரு வேடிக்கை பின்லாந்துச் சரக்கில். பின்லாந்து ராணுவத்தின் எம்39 ரைஃபிள்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவானவை. குழலில் 1942 என்று பொறித்திருக்கும். ஆனால் அவற்றை பின்லாந்துக்காரர்கள் முழுக்கப் புதிதாகச் செய்யவில்லை. ஜார் காலத்து ருஷ்ய ரைஃபிள்களின் ரிசீவரை, அதாவது தோட்டா ஏறிப் பூட்டும் எஃகுக் கூட்டை, எடுத்து அதன்மேல் புதுக் குழலும் மரமும் பொருத்தினார்கள். ஏ.டி.எஃப். என்ற மதுபான, புகையிலை, ஆயுத, வெடிபொருள் துறை பார்ப்பது ரிசீவர் செய்த ஆண்டை. அது ரிசீவரின் வால் பகுதியில், அடிப்புறமாக, மரத்துக்குள் மறைந்திருக்கிறது. ஆகவே எம்39 வாங்கியவர் முதலில் திருப்புளியை எடுப்பார். இரண்டு திருகைக் கழற்றி, மரத்திலிருந்து இரும்பைத் தூக்கி, அழுக்கைத் துடைத்து, உருப்பெருக்கியை வைப்பார். 1896 என்று இருந்தால் கையிலிருப்பது ஆண்டிக், விலையும் ஒரு படி ஏறும். 1915 என்று இருந்தால் அது வெறும் சேகரிப்புப் பொருள்.

நம் பக்கத்து நாட்டுச் சரக்கு ஒன்றும் இந்த 1898 சுவர் வழியாகத்தான் அமெரிக்காவுக்குள் நுழைந்தது. 2003இல் நேபாள ராணுவத்தின் பழைய ஆயுதக் கிடங்கை, காத்மாண்டு லகன் சிலேகானா அரண்மனையில் பல தலைமுறையாகக் குவிந்து கிடந்ததை, இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து வாங்கின. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து மஸ்கட்டுகள், மார்ட்டினி ஹென்றி ரைஃபிள்கள், நேபாளத்திலேயே கையால் செய்த கஹேந்திரா ரைஃபிள்கள் என்று டன் டன்னாகக் கப்பலேறின. வாங்கியவர்களுக்கு இரண்டு தரம் கொடுத்தார்கள். சுத்தம் செய்தது ஒரு விலை. கிடங்கிலிருந்து எடுத்தபடியே, நூறு வருட மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பியது, அதைவிடக் குறைந்த விலை. இரண்டாவதை விரும்பியவர்கள் ஏராளம். வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து சுரண்டச் சுரண்ட, அடியிலிருந்து தேவநாகரி எண்கள் மேலே வரும். அந்தச் சுகத்துக்காகத்தான் வாங்குகிறார்கள்.

முப்பது டாலருக்கு என்ன கிடைக்கும்?

இரண்டாவது கோடுதான் லைசென்ஸுக்கு உரியது. ஐம்பது வருடம் ஆன, மூல வடிவம் கெடாத எந்தத் துப்பாக்கியும் இந்த வகையில் தானாகச் சேர்ந்துவிடும். வயது போதாவிட்டாலும், அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் ஒருவர் இது அருங்காட்சியகத்துக்கு உகந்தது என்று சான்று தந்தால் சேரலாம். அபூர்வம், விசித்திரம், சரித்திரத் தொடர்பு ஆகியவற்றால்தான் இதற்கு இந்த விலை என்று காட்டினாலும் சேரலாம்.

'மூல வடிவம்' என்பதில் பலர் இடறுவார்கள். போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த ராணுவ ரைஃபிள்களை வேட்டைக்காக மரத்தை அறுத்து, குழலைக் குறைத்து, புது பார்வைக் கருவி பொருத்திக்கொண்டவர்கள் லட்சக்கணக்கானவர்கள். அப்படி அறுபட்டது நூறு வயதானாலும் வயதை மட்டும் காட்டி இந்த வகைக்குள் நுழைய முடியாது. தாத்தா ஆசையாய் அறுத்த ரைஃபிளைப் பார்த்துப் பேரன் தலையில் கைவைப்பது அங்கே பழகிப்போன காட்சி.

உரிமம் வாங்குவது கடினமல்ல. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குற்றத் தண்டனை போன்ற தடைகள் இருக்கக் கூடாது. விண்ணப்பம் ஏ.டி.எஃப்.புக்கு. அதன் நகல் ஒன்று உள்ளூர் போலீஸ் தலைவருக்கோ ஷெரீஃபுக்கோ. அவரிடம் அனுமதி கேட்பதில்லை, தகவல் சொல்வது மட்டும்தான். ஏ.டி.எஃப். பின்னணியை அலசிவிட்டு, அறுபது நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வீட்டு முகவரியே போதும். கடை வேண்டியதில்லை, வைக்கவும் கூடாது.

உரிமம் வந்ததும் என்ன செய்யலாம்? விற்பவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், டீலரோ தனி ஆளோ, ஐம்பது வயது கடந்த துப்பாக்கியை அவரிடமிருந்து நேராக வாங்கலாம். உரிமத்தின் நகலில் கையெழுத்திட்டு அனுப்பினால் அவர் சரக்கை அனுப்புவார். ஒக்லஹோமாவின் டல்சா நகரத்தில் வருடம் இருமுறை கூடும் ஆயுதச் சந்தையில் நாலாயிரத்துக்கும் மேல் மேசைகள் போடுவார்கள். அங்கே டெக்சாஸ்காரர் ஒருவர் 1917ஆம் வருடத்துப் பிஸ்டலை மேசையில் பேரம் பேசி, கையோடு எடுத்துப்போகலாம். உரிமம் இல்லாத வெளிமாநிலத்தார் அப்படிச் செய்தால் குற்றம்.

என்ன செய்யக் கூடாது என்பது இதைவிட முக்கியம். புதுத் துப்பாக்கிக்கு இந்த உரிமம் செல்லாது. அதற்கு எல்லோரையும் போல டீலரிடம்தான் போகவேண்டும். இயந்திரத் துப்பாக்கிகளுக்கான 1934ஆம் வருடச் சட்டமும் வரியும் அப்படியே நிற்கும், ஐம்பது வயதானாலும் அவை தளர்வதில்லை. உரிமம் இல்லாத வெளிமாநிலத்தாருக்கு விற்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வியாபாரம் செய்யக் கூடாது. சேகரிப்பை மேம்படுத்த ஒன்றை விற்று இன்னொன்றை வாங்கலாம். லாபத்துக்காகவே வாங்கி வாங்கி விற்றால் அது உரிமமில்லா வியாபாரம். பிடிபட்டால் சிறை.

மாநிலங்கள் தங்கள் பங்குக்கு வேறு பூட்டுகள் போட்டிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் கூட்டாட்சி உரிமத்தோடு மாநிலத்தின் தகுதிச் சான்றிதழும் வேண்டும். நியூயார்க் நகரம், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் எல்லாம் தனிக் கதை. டெக்சாஸில் ஒரு மணி நேரத்தில் முடிகிற காரியம் அங்கே ஒரு மாதத்தில் முடிந்தால் பெரிது.

கணக்குப்பிள்ளை வேலை

உரிமத்தோடு வரும் கடமைகளில் முதன்மையானது ஒரு புத்தகம். 'பவுண்ட் புக்' என்பார்கள். தாளைக் கிழித்தால் தெரியும்படி பைண்டு செய்த பேரேடு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. வரவில் வாங்கிய தேதி, யாரிடமிருந்து, அவருடைய முகவரி அல்லது உரிம எண், தயாரித்த நிறுவனம், இறக்குமதி செய்தவர், மாடல், வரிசை எண், ரைஃபிளா பிஸ்டலா, குழல் அளவு. சரக்கு வந்த மறு வேலைநாள் முடிவதற்குள் இத்தனையும் எழுதியாக வேண்டும். கொடுத்துவிட்டால் ஏழு நாளுக்குள் செலவில் ஏற்ற வேண்டும். வாங்கியவர் உரிமம் இல்லாதவர் என்றால் அவருடைய பிறந்த தேதியும், ஓட்டுநர் உரிமம் போன்ற அடையாள விவரமும் சேர்த்து. திருட்டுப்போனால் 48 மணி நேரத்துக்குள் ஏ.டி.எஃப்.புக்கும் உள்ளூர் போலீசுக்கும் தகவல். ஒரு குற்ற வழக்கில் துப்பாக்கியின் தடம் தேடி ஏ.டி.எஃப். கேட்டால் 24 மணி நேரத்துக்குள் பதில்.

வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து புத்தகத்தையும் சரக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டுக்குள் அரசாங்கம் நுழைவது அமெரிக்கர்களுக்கு வேப்பங்காய். அதனால் 1986இல் திருத்திய சட்டம், விரும்பினால் புத்தகத்தையும் துப்பாக்கிகளையும் ஏ.டி.எஃப். அலுவலகத்துக்கே கொண்டுபோய்க் காட்டலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறது. முப்பது ரைஃபிளை வண்டியில் ஏற்றி இறக்குவதா, அதிகாரிக்கு வீட்டில் காபி போட்டுக் கொடுப்பதா என்று யோசிக்க வேண்டியதுதான்.

இதில் ஒரு முரண் உண்டு. உரிமம் வாங்கும்போது அரசாங்கம் தன்னைக் கண்காணிப்பதை ஒருவர் தானாக முன்வந்து ஏற்கிறார். உரிமம் இல்லாத அண்டைவீட்டுக்காரர் பல மாநிலங்களில் ஒரு வரி கூட எழுதாமல் உள்ளூரில் பழைய துப்பாக்கி வாங்கலாம், விற்கலாம். அரசாங்கம் என்றாலே முகம் சுளிக்கும் ஒரு கூட்டம், தபாலில் பார்சல் வரும் ஒரு வசதிக்காக, வரிசை எண்ணைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துப் பேரேட்டில் எழுதுகிறது. இந்தத் திட்டிவாசல் இத்தனை வருடம் மூடாமல் இருப்பதற்கு அந்தப் பேரேடுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெட்டி வருகிறது

அனுப்பும் கலையில் தேர்ந்தவர்கள் முதலில் போல்ட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றுவார்கள். ரைஃபிளின் இரண்டு நுனிகளிலும்தான் அடிபடும். குழல் வாய் அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வரும், பின்கட்டை மூலை உடையும். ஆகவே இரண்டு முனைக்கும் தடித்த நுரை, அட்டைப்பெட்டிக்குள் இன்னொரு அட்டைப்பெட்டி. தோட்டாவை அதே பெட்டியில் போடக் கூடாது. வெளியே துப்பாக்கி என்று எழுதவும் மாட்டார்கள். பெட்டியின்மேல் அப்படி எழுதும்படி கூரியர் நிறுவனம் வற்புறுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. எழுதினால் திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்தது மாதிரி. பெறுபவர் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

யார் மூலம் அனுப்புவது என்பது பெரிய தலைவலி. தபால் துறை நீளத் துப்பாக்கிகளை எடுத்துக்கொள்ளும். கைத்துப்பாக்கிகளைத் தபாலில் அனுப்ப 1927ஆம் வருடச் சட்டம் தனி ஆட்களுக்குத் தடை போட்டது, அந்தத் தடை சேகரிப்பாளர்களையும் விடவில்லை. தனியார் கூரியர்கள் சட்டம் அனுமதிப்பதைக் காட்டிலும் இறுக்கமான விதிகளை வைத்துக்கொண்டிருக்கின்றன. அவையும் அடிக்கடி மாறும். வாங்குவதற்கு உரிமம் இருக்கும், விற்பவருக்கும் மனம் இருக்கும், கவுன்டரில் இருப்பவர் மாட்டேன் என்பார்.

பெட்டி திறந்ததும் மூக்கில் ஏறுவது காஸ்மோலின். துரு ஏறாமலிருக்க ராணுவக் கிடங்குகளில் அப்பும் மெழுகு போன்ற கிரீஸ். மோசின் நாகன்ட் என்ற ருஷ்ய ரைஃபிள்களைச் சோவியத் கிடங்குகள் போருக்குப் பிறகு செப்பனிட்டு, இந்தக் கிரீஸில் முக்கி, பெட்டிக்கு இருபதாக அடுக்கி வைத்திருந்தன. மூன்று கோடிக்கும் மேல் தயாரான ரைஃபிள் அது. அதை உரித்தெடுக்க ஆளுக்கொரு வழி. இரும்பைக் கொதிநீரிலும் மினரல் ஸ்பிரிட்டிலும் கழுவுவார்கள். மரத்தைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி வெயிலில் வைப்பார்கள். சூட்டில் மரம் வேர்த்து, பழுப்புநிறச் சொட்டுச் சொட்டாகக் கிரீஸ் வெளியே வரும். துடைத்துவிட்டு மறுபடி வெயில். வீட்டம்மாவுக்குப் பிடிக்காத வாசனைகளில் இதற்கு முதலிடம் என்பார்கள்.

கிரீஸ் போனதும் எழுத்து தெரியும். ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால் தூலா ஆலை. முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க். ரிசீவரிலும் போல்ட்டிலும் பின்கட்டைத் தகட்டிலும் ஒரே எண் இருக்கிறதா? முதலில் பொறித்ததா, செப்பனிடும்போது மறுபடி அடித்ததா? ஜப்பானிய அரிசாகா என்றால் ரிசீவர் மேலே பார்வை போகும். அங்கே பதினாறு இதழ் சாமந்தி, பேரரசரின் முத்திரை. சரணடைந்தபோது பெரும்பாலான ரைஃபிள்களில் அதை அரம் வைத்து ராவிவிட்டார்கள். ராவப்படாத பூவோடு வந்தால் அது போர்க்களத்திலிருந்தே நேராக ஒரு சிப்பாயின் பையில் ஊர் திரும்பியதாக இருக்கலாம். அந்தச் சிப்பாய்க்கு மேலதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதிச்சீட்டும் கூடவே கிடைத்துவிட்டால் விலையைப் பற்றிப் பேச்சில்லை, துண்டுக் காகிதம் துப்பாக்கியைவிட மதிப்புப் பெறும்.

எல்லோரும் வெறுக்கும் முத்திரை ஒன்றும் உண்டு. 1968 சட்டம் ராணுவக் கழிவுத் துப்பாக்கிகளின் இறக்குமதியை அடைத்தது. 1984இல் சேகரிப்பு வகையில் சேர்ந்தவற்றுக்கு மட்டும் அது மறுபடி திறந்தது. இப்படி வருபவற்றின்மீது இறக்குமதி செய்தவரின் பெயர், ஊர், மாநிலம் பொறித்தாக வேண்டும். பழைய இரும்பில் புது எந்திரம் அடித்த சின்ன எழுத்து. சட்டத்துக்கு அது தடம், சேகரிப்பாளருக்கு அது தழும்பு. விலையில் கணிசமாகக் கை வைக்கும்.

இஷாப்பூர் இரும்பு, ஒஹையோ வீடு

இந்தச் சந்தையில் இந்தியச் சரக்குக்கும் ஒரு மேசை உண்டு. மேற்கு வங்கத்தில் ஹூக்ளிக் கரையிலிருக்கும் இஷாப்பூர் ரைஃபிள் ஆலை, பிரிட்டிஷ் காலத்தில் லீ என்ஃபீல்டு செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் நிறுத்தவில்லை. மகுட முத்திரை போன இடத்தில் அசோகச் சிங்கம் வந்தது. 1962 சீனப் போருக்குப் பின், அதே பழைய வடிவத்தில் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ற 2ஏ, 2ஏ1 ரைஃபிள்களைச் செய்தது. சதுர வயிற்று மேகசீனில் பன்னிரண்டு தோட்டா. ராணுவம் கழித்தவை அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகின. 1960களில் செய்தவை இப்போது ஐம்பது தாண்டிவிட்டன, ஆகவே சி அண்ட் ஆர்.

ஒஹையோவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் முப்பது டாலர் உரிமத்தில் அதை வீட்டுக்கு வரவழைக்கலாம். இஷாப்பூர்க்காரரால் முடியாது. 7.62 மி.மீ. ராணுவ ரக ரைஃபிள் இந்தியச் சாதாரணக் குடிமகனுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. உத்தரப் பிரதேசப் போலீஸ் தன் .303 லீ என்ஃபீல்டு ரைஃபிள்களுக்கு 2020 குடியரசு தினத்தில்தான் விடை கொடுத்தது. அமெரிக்காவில் பழம்பொருளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் எத்தனையோ வருடம் ஆன ஆயுதம் இங்கே அதுவரை டூட்டியில் இருந்தது.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லத்தக்க வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பரின் சேகரிப்பை ஆசையாகக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்பது உத்தமம். அங்கே ஆண்டிக் என்று வாங்கியதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு சென்னை விமானம் ஏறும் யோசனையே வேண்டாம். நம் சுங்கத்துறைக்கு 1898 என்ற கோடு தெரியாது, ஆயுதச் சட்டம்தான் தெரியும்.

நகரும் கோடு

நூறு டாலருக்கும் குறைவாக மோசின் வாங்கிய காலம் போய்விட்டது. சோவியத் உடைந்த பிறகு ஆறாக ஓடிவந்த சரக்கு வற்றியது. அமெரிக்கா நட்பு நாடுகளுக்குக் கொடுத்த எம்1 காரண்ட் போன்ற தன் ரைஃபிள்களைத் தனியார் திருப்பிக் கொண்டுவருவதை ஒபாமா அரசு 2013இல் மறித்தது. அலபாமாவின் அனிஸ்டனில் இருக்கும் சி.எம்.பி. அமைப்பு மட்டும் ராணுவம் கொடுக்கும் காரண்டுகளைக் குடிமக்களுக்கு விற்றுவருகிறது. பழைய இருப்பு கைமாறிக் கைமாறி விலை ஏறுகிறது. சேகரிப்பாளர்களுக்கும் வயதாகிறது.

ஆனால் சரக்கு இன்னொரு திசையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. காலண்டரிலிருந்து.

1898 என்ற கோடு சட்டத்தில் எழுதிய ஆண்டு, அது நகராது. ஐம்பது வருடக் கோடு அப்படி இல்லை, ஒவ்வொரு நாளும் ஒரு நாள் முன்னே வருகிறது. 1968இல் ஐம்பது வருடம் என்றால் 1918. முதல் உலகப் போர் முடிந்த ஆண்டு. அன்றைக்கு அந்தக் கோட்டுக்குள் இருந்தவை பெரும்பாலும் போல்ட் இழுத்துச் சுடும் ரைஃபிள்கள், ரிவால்வர்கள், அந்தக் காலத்துப் பிஸ்டல்கள். 2025இல் அதே ஐம்பது வருடம் 1975. கோல்ட் நிறுவனம் 1964 முதல் குடிமக்களுக்கு விற்ற ஏஆர்-15இன் முதல் தலைமுறை இப்போது கோட்டுக்குள் வந்துவிட்டது, மூல வடிவம் கெடாமல் இருந்தால் போதும். அதே துப்பாக்கியின் பேரப்பிள்ளைகளைத் தடைசெய்யலாமா கூடாதா என்று அமெரிக்கா நாள்தோறும் சண்டை போடுகிறது. தாத்தா மட்டும் பழம்பொருள் என்ற பெயரில், உரிமம் உள்ளவர் வீட்டுக்குப் பார்சலில் போகலாம். தடைசெய்த மாநிலங்களில் மட்டும் முடியாது.

சேகரிப்பாளர்கள் இதற்குச் சொல்லும் பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய மாடல் ஏஆர்-15க்கு இன்று சேகரிப்பு மதிப்பு அதிகம், விலையும் அதிகம். குற்றம் செய்ய நினைப்பவன் 30 டாலர் கட்டி, ஏ.டி.எஃப்.பிடம் தன் முகவரியைக் கொடுத்து, போலீஸுக்கு நகல் அனுப்பி, பேரேடு எழுதிக்கொண்டு உட்காரமாட்டான் என்கிறார்கள். சரிதான். இருந்தாலும் அது ஆளைப் பற்றிய வாதம். துப்பாக்கியின் வயதைப் பற்றிய வாதம் அல்ல. சரித்திரப் பொருளுக்கு என்று திறந்த வாசல், வயதை மட்டுமே அளவாக வைத்துக்கொண்டால், ஒரு நாள் சரித்திரமே இல்லாத சாதாரணச் சரக்கெல்லாம் அதன் வழியாக வரும். ஆண்டிக்குக்கு 1898 என்று ஆணியடித்த மாதிரி, இதற்கும் ஓர் ஆண்டை நிர்ணயிப்பது நல்லது என்பது என் கருத்து. மரமும் எஃகுமாகச் செய்த கடைசிப் பெரிய தலைமுறை முடிந்த இடத்தில் எங்காவது. அபூர்வமானவை வந்தால் அருங்காட்சியகச் சான்று என்ற வழி இருக்கவே இருக்கிறது.

1898ஐ மாற்ற வேண்டுமானால் அமெரிக்க நாடாளுமன்றம் கூடிச் சட்டம் திருத்த வேண்டும். ஐம்பது வருடம் என்பது ஏ.டி.எஃப். நிர்வகிக்கும் விதியில் உள்ளது, அறிவிப்பு வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துக் கேட்டு, திருத்தலாம். அதற்குச் சேகரிப்பாளர்கள் சம்மதிப்பார்களா என்பது வேறு விஷயம், கிடைத்த உரிமையை விட்டுக்கொடுத்த வழக்கம் அங்கே எந்தத் தரப்புக்கும் இல்லை. இதற்கிடையில் காலண்டர் நிற்பதில்லை. ஆஸ்திரிய ராணுவம் குளோக் 17 பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது 1982இல். பிளாஸ்டிக் உடம்பு, பதினேழு தோட்டா, இன்றைக்கும் உலகமெங்கும் போலீஸ்காரர் இடுப்பில் இருப்பது. விதி இப்படியே இருந்தால், அந்த வருடம் செய்த குளோக்குகள் 2032இல் பழம்பொருள் ஆகிவிடும்.